மாதிரிப் பள்ளமும் பார்வை மேடையும்

கால்வாய்ப் பாலம் இடிந்து விழுந்து பதிமூன்று மாதம் ஆன பிறகுதான், வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்பதென்று பாயிண்ட் முடிவு செய்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சட்டப் பட்டத்தில் அது எழுத்துப்பிழையோடு அச்சாகியிருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பகலில் ஒரு நோட்டரியிடம் டைப் அடித்துக்கொண்டு, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்த நாட்களில், தண்ணீர்க் குழாயடியில் யார் சண்டை போட்டாலும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இருங்க, இதுல ஒரு பாயிண்ட் இருக்கு" என்று நடுவில் புகுந்துவிடுவாள். அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது.

இடிந்தது பெரிய பாலம் ஒன்றுமில்லை. இருபத்தைந்து அடி நீளம், இரண்டு பேர் தோள் உரசாமல் போகலாம். ஆனால் அக்காவின் தையல் கடை கால்வாய்க்கு இந்தப் பக்கம். துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். பாலம் போன பிறகு, பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போக நாற்பது நிமிடம். அக்காவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். துணி மூட்டையோடு சுற்றிப் போய், அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அதே மூட்டையோடு சுற்றி வருவாள். வந்ததும் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, யாரோடும் பேசமாட்டாள்.

பாயிண்ட் முப்பத்தொரு மனு எழுதினாள். முப்பதுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. கடைசி மனுவுக்கு மட்டும் விளக்கமான பதில்: "தாங்கள் குறிப்பிடும் இடத்தில் பதிவேட்டின்படி ஏற்கெனவே பாலம் இருப்பதால் மற்றொரு பாலம் கட்ட இயலாது. பாலம் இடிந்துவிட்டதாகத் தாங்கள் கருதினால், மேற்படி பாலத்தின் நடுவில் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் இரண்டு பிரதிகள் இணைக்கவும்."

அதை அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது, அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிக் கடுதாசி எழுதறவங்களுக்கு யாருடி மேல?"

"நகரசபை."

"அங்க யாரு போய் உட்காரலாம்?"

"யாரு வேணா நிக்கலாம்."

"அப்ப நீ நில்லு. ஆறு வருஷம் படிச்சியே, ஒரு பாலத்துக்குக்கூட ஆகலைன்னா அந்தப் படிப்பு எதுக்கு?"

மறுநாள் பாயிண்ட் நல்லதாக ஒரு புடவை கட்டிக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். வேட்புமனு முடியும் நாளுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. கவுன்டரில் இருந்த எழுத்தர் அவளுடைய மனுவை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர், "படிப்பு" என்ற கட்டத்தில் விரலை வைத்ததும் சுட்டதுபோல் எடுத்துவிட்டார்.

"சட்டமா?"

"ஆமாங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? சட்டம் படிக்காதவங்க வரிசைம்மா இது."

"சட்டம் படிச்சவங்க நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"தாராளமா நிக்கலாம். நிக்கணும்னுதான் அரசாங்கத்துக்கும் ஆசை." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க சபைக்குள்ள போனா என்ன பண்ணுவீங்க? அங்க இருக்கற சட்டத்தை எடுத்துப் படிச்சிருவீங்க. அப்புறம் சபை எப்படிம்மா நடக்கும்? அதனால ஒரு மறுபயிற்சி வச்சிருக்கோம். முப்பது நாள். சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, சிரிச்ச முகமா வாங்கிக்கறேன்."

அப்படித்தான் அவள் பொதுவாழ்வு மறுபயிற்சிக் கழகத்தில் போய்ச் சேர்ந்தாள்.

கழகத்தின் வாசலில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் "சட்டப் புத்தகங்களை இங்கே விடவும்" என்று எழுதியிருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு பித்தளை வில்லை ஒன்று கொடுத்தார்கள். இன்னொன்றில் "சந்தேகங்களை இங்கே கேட்கவும்" என்றிருந்தது. அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு வேலை நேர்த்தியாக இருந்தது.

வகுப்பில் எண்பது நாற்காலிகள். எல்லோரும் சட்டம் படித்தவர்கள். எல்லோரும் மக்களுக்குச் சேவை செய்யத் துடித்தார்கள். ஒரு வக்கீல், மக்களை எங்கே பார்க்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையின் நடு நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை. அதில் மரச்சட்டம் போட்ட ஒரு பெரிய புகைப்படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படத்தில் ஓர் இளைஞர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இறந்துட்டாரா?" என்று பாயிண்ட் பதறிக் கேட்டாள்.

"வாயைக் கழுவுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அவர் அமைச்சரோட வாரிசு. நேர்ல வர நேரமில்லாததால படம் வருது. இதுவரைக்கும் ஒருநாள்கூட லீவு போட்டதில்ல."

இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, குரலில் தேன். நேரத்தின் அருமை பற்றி மூன்று மணி நேரம் பேசினார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார்.

"முப்பது வருஷமா நான் பொதுச் சேவையில இருக்கேன். இந்த முப்பது வருஷத்துல என்னால ஒரு தனி மனுஷனுக்காவது ஏதாவது நல்லது நடந்ததுன்னு யாராவது விரல் நீட்டிச் சொல்ல முடியுமா? முடியாது! ஒருத்தருக்குச் செஞ்சா, செய்யாம விட்டவங்களுக்கு அது துரோகம். நான் யாருக்கும் துரோகம் பண்ணினதில்ல. பாரபட்சமே இல்லாம எல்லாரையும் ஒரே மாதிரி விட்டுட்டேன். உங்ககிட்ட நான் எதிர்பார்க்கறதும் அதுதான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பாயிண்ட்டும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு உறைத்தது.

அடுத்த நாளிலிருந்து பாடம். பார்வையிடல் பேராசிரியர் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியாக, எப்போதும் முகத்தில் லேசான துக்கத்தோடு இருப்பார். அது அவருடைய பாடத்தின் பகுதி. சேதமான எதையும் எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், எந்தக் கையை இடுப்பில் வைக்க வேண்டும், எந்த விரலால் சுட்ட வேண்டும், சுட்டும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சேதத்தைப் பார்க்காமல் விரலைப் பார்க்கும்படி எப்படிச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவர் நுணுக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்.

பதில் சொல்லும் பயிற்சியும் அவருடையதுதான். ஒருநாள் பாயிண்ட்டை எழுப்பினார்.

"நான் பொதுஜனம். கேக்கறேன்: குழாய்ல தண்ணி எப்போ வரும்? நீங்க உறுப்பினர். சொல்லுங்க."

பாயிண்ட் யோசித்துவிட்டு, "விசாரிச்சுட்டு நாளைக்குச் சொல்றேங்க" என்றாள்.

பேராசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பு முழுக்க ஒரு முனகல்.

"நாளைக்கா? ஏம்மா, நாளைக்குன்னு சொன்னா நாளைக்கே வந்து கேப்பான். தேதி, கிழமை, எண் எதுவும் வாயில வரக் கூடாது. ஏழு நிமிஷம் பேசணும். முடிக்கும்போது அவன் தண்ணிக்காகத்தான் வந்தோமான்னு சந்தேகப்படணும்." அவர் திரும்பி நடு நாற்காலியைக் காட்டினார். "அதோ பாருங்க, எவ்வளவு கேட்டாலும் வாயைத் திறக்கறாரா? அதான் ரத்தத்துல வரணும்கறது."

வாரிசின் படத்துக்கு அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண்.

பாயிண்ட் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். "போடி, ஒரு வேலையும் செய்யாம இருக்க யாராவது பள்ளிக்கூடம் வைப்பாங்களா?" என்பாள். பிறகு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "எப்படியோ அந்தக் காகிதத்தை வாங்கிடு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாயிண்ட் தினமும் காலையில் எழுந்து போய் வில்லை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கழகத்தின் பின்கட்டில் மாதிரிப் பள்ளம் இருந்தது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கடி நீளம், மூன்றடி அகலம், முழங்கால் ஆழம். பின்கட்டுப் பாதையின் சரியான நடுவில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக எண்ணற்ற பேர் அதைப் பார்வையிட்டு வருந்தியிருக்கிறார்கள். சுற்றிலும் பூந்தொட்டி. மழை வந்தால் மேலே தார்ப்பாய். ஓரம் சரிந்தால் செதுக்குவதற்கு ஒரு மண்வெட்டியும், சுற்றி அலங்காரமாகக் கொட்டிவைக்க ஒரு சரளைக் குவியலும் உண்டு. குவியலில் ஒரு பலகை: "பள்ளப் பராமரிப்புக்கு மட்டும்." இவை எல்லாவற்றுக்கும் காவலாக, விசில் மாட்டிய ஒரு பெரியவர் முக்காலியில் இருந்தார். பள்ளக் காவலர் என்பது அவருடைய பதவியின் பெயர்.

"ஒரு புல்லு முளைக்க விட்டதில்லம்மா" என்பார் அவர். "என் பொண்ணைக்கூட நான் இவ்வளவு கவனிச்சதில்ல. அவளே சொல்லிக் காட்டுவா."

இருபத்தாறாம் நாள், செயல்முறைத் தேர்வுக்கு ஒத்திகை. எண்பது பேரும், அதாவது எழுபத்தொன்பது பேரும் ஒரு படமும், பள்ளத்தைச் சுற்றி வரிசை எண்படி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவரும் அம்மா தட்டு மறைத்ததில் பாதை தெரியாமல் நேராக வந்து பள்ளத்துக்குள் விழுந்துவிட்டாள். டம்ளர்கள் நாலாபக்கமும் உருண்டன. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்றாள்.

பேராசிரியரின் முகம் பிரகாசமானது. "அருமை! உள்ள ஆளோட கிடைக்கறது அபூர்வம். யாரும் தொடாதீங்க. ஒண்ணாம் நம்பர், ஆரம்பிங்க."

ஒண்ணாம் நம்பர் இடுப்பில் இடக்கையை வைத்து, வலக்கை விரலை நீட்டி, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அடுத்தவர் அதிர்ச்சி தெரிவித்தார். மூன்றாமவர், இதுபோன்ற சம்பவங்கள் இனி நடக்காமல் இருக்க வேண்டும் என்று யாரையோ கேட்டுக்கொண்டார். நான்காமவர் பேசத் தொடங்கினார். பாயிண்ட்டின் எண் அறுபத்திரண்டு. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆளுக்கு ஏழு நிமிடம்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். பள்ளத்துக்குள் இறங்கி, தேநீர் அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையேற்றினாள். காலில் வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வலிக்கும் அதே வலது முழங்கால். தன் கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டு, நிழலில் உட்கார வைத்தாள்.

"உங்களால ஒத்திகை கெட்டுப்போச்சு" என்று பேராசிரியர் வாய்விட்டே வருந்தினார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காவலரும் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

பாயிண்ட் போகவில்லை. கொஞ்ச நேரம் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைப் பார்த்தாள். பிறகு சரளைக் குவியலைப் பார்த்தாள். அவள் தீர்மானித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கையெட்டும் தூரத்தில் எல்லாமே இருந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அரைமணி நேரத்தில் பள்ளம் நிரம்பிவிட்டது. மேலே நடந்து பார்த்தாள். குதித்தும் பார்த்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த காவலர் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கொட்டாவி விட்டு, எதிரே பார்த்தார். எழுந்தார். பூந்தொட்டிகளுக்கு நடுவே கைகளால் தடவிப் பார்த்தார். பிறகு கழகமே அதிரும்படி விசிலை ஊதினார்.

"பள்ளத்தைக் காணோம்!"

அன்று மாலையே விசாரணை. நீண்ட மேசைக்குப் பின்னால் இயக்குநர், பேராசிரியர், குறிப்பெழுத ஒருவர். குற்றச்சாட்டு: பயிற்சியாளர் எண் அறுபத்திரண்டு, பள்ளம் என்னும் பொதுச்சொத்துக்கு நிரந்தர நன்மை விளைவித்தது.

"ஒத்துக்கறீங்களா?"

"மூடினது நான்தாங்க. ஒரு அம்மா விழுந்துட்டாங்க."

"விழுந்தாங்க. சரி. அதுக்கும் பள்ளத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் இயக்குநர். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

காவலரை அழைத்தார்கள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒருவரைப் பார்த்தபோதுதான் பாயிண்ட்டுக்குச் சங்கடமாக இருந்தது.

"அவ்வளவுதானே, மறுபடி தோண்டிக் கொடுத்துடறேன்" என்றாள். "மண்வெட்டி இருக்கு."

பேராசிரியர் கசப்பாகச் சிரித்தார். "தோண்டினா அது குழிம்மா. குழிக்கு வேற துறை. பள்ளம்னா யாரும் ஒண்ணும் செய்யாம அதுவா உண்டாகணும். ஒரு நல்ல பள்ளத்துக்குப் பின்னால எத்தனை பேரோட உழைப்பு இல்லாம இருந்திருக்கு தெரியுமா?"

நிலைமை சிக்கலாகிவிட்டது. செயல்முறைத் தேர்வு நான்கு நாளில். பள்ளம் இல்லையென்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் வாரிசுக்குச் சான்றிதழ் இல்லை. இதை நினைத்தபோது இயக்குநரின் குரலில் இருந்த தேன் வற்றிப்போனது. அவர் தீர்ப்பைச் சொன்னார்: பயிற்சியாளர் எண் அறுபத்திரண்டு, தான் ஒழித்த சேதத்துக்கு ஈடாக, அதற்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய சேதம் ஒன்றை இருபத்துநாலு மணி நேரத்தில் காட்ட வேண்டும்.

பாயிண்ட் நிமிர்ந்தாள்.

"எங்க தெருவுல ஒரு பாலம் இடிஞ்சு கிடக்குங்க."

மேசைக்குப் பின்னால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு நாளா?" என்று பேராசிரியர் கேட்டார். குரல் நடுங்கியது.

"பதினாலு மாசமா."

"யாரும் கை வைக்கலையே?"

"ஒருத்தரும் வைக்கல."

மறுநாள் காலை குழு வந்து இறங்கியது. பேராசிரியர் கால்வாய்க் கரையில் நின்று, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த உடைந்த தூண்களையும் நடுவில் தண்ணீரில் கிடந்த கற்களையும் கண் நிறையப் பார்த்தார். "என்ன ஒரு இயல்பு!" என்றார். "இவ்வளவு நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"முப்பத்தொரு மனு போட்டேங்க."

"மனு வேற பிரிவு."

அக்கா கடை வாசலில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். "பாலம் கட்ட வந்திருக்காங்களாடி?"

"இல்லக்கா. பார்க்க வந்திருக்காங்க."

பார்ப்பது அவ்வளவு லேசில்லை. சேதத்தின் முழு அழகும் கால்வாயின் நடுவிலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது என்று பேராசிரியர் கண்டுபிடித்தார். அங்கே எழுபத்தொன்பது பேரும் ஒரு படமும் இயக்குநரும் நிற்க வேண்டும். ஆகவே ஒரு பார்வை மேடை. மேடைக்கு ஏறுவது இந்தக் கரையிலிருந்து. இறங்குவது? வந்த வழியே திரும்புவது பொதுவாழ்வில் பின்வாங்கலாகக் கருதப்படும் என்று கழகத்தின் நடைமுறை நூல் சொல்கிறது. ஆகவே மேடை அந்தக் கரைவரை போய்த்தான் ஆக வேண்டும். இயக்குநர் எடையுள்ள மனிதர். ஆகவே இரும்புத் தூண்கள். வாரிசின் படம் சரிந்துவிடக் கூடாது. ஆகவே இரண்டு பக்கமும் கைப்பிடி.

லாரிகள் வந்தன. நாற்பது ஆட்கள். இரண்டு நாளில் கரைக்குக் கரை கெட்டியாக, அகலமாக மேடை எழுந்து நின்றது. தெருவே கூடி வாய் பிளந்து பார்த்தது. முகப்பில் பலகை மாட்டினார்கள்: "பாலமின்மையைப் பார்வையிடும் மேடை."

தேர்வு நாளன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொருவராக நடுமேடைக்குப் போய், உடைந்த பாலத்தைச் சுட்டி, ஏழு நிமிடம் வருந்திவிட்டு, அந்தக் கரையில் இறங்கினார்கள். ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, இந்த மக்கள் கால்வாயைக் கடக்க வழியே இல்லாமல் தவிப்பதைப் பார்த்தால் தன் நெஞ்சு வெடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கால்வாயைக் கடந்து போனார். வாரிசின் படத்தை இருவர் தூக்கிப் போனார்கள். படம் சேதத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தக் கண்ணியத்துக்காகத் தனிச் சிறப்பு மதிப்பெண் போட்டார்கள்.

"அறுபத்திரண்டு."

பாயிண்ட் நடுவில் போய் நின்றாள். இந்த ஏழு நிமிடத்தை ஓட்டிவிட்டால் காகிதம் கையில். இடுப்பில் கை வைத்தாள். விரலை நீட்டினாள். எதிரே கரையில் அக்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பாலம்..." என்று தொடங்கினாள் பாயிண்ட். "பதினாலு மாசமா இப்படிக் கிடக்கு. இந்த மேடையை ரெண்டு நாள்ல கட்டினவங்க, பாலத்தை ஒரு வாரத்துல கட்டியிருக்கலாம். கட்டாதது யாருன்னு எனக்குத் தெரியும். பேரும் தெரியும்."

மொத்தம் அரை நிமிடம். மூன்று எண்கள் வந்துவிட்டன, பெயர் வரவிருந்தது. பேராசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் தேர்வுப் பட்டியல் வந்தது. எழுபத்தொன்பது பேர் தேர்ச்சி. அவளுக்குக் கெட்டி அட்டையில், முத்திரையோடு, தகுதியின்மைச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். வேட்புமனு முடியும் நாளும் வந்து போயிற்று. வாரிசு அவள் வார்டிலேயே நின்று, போட்டியின்றி வென்றார். பதவியேற்பன்று அவருடைய படம் நன்றாக இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

அதெல்லாம் பிறகு நடந்தது. பட்டியல் வந்த கையோடு இரண்டு நாள் பாயிண்ட் சரியாகச் சாப்பிடவில்லை. "பேசாம வருத்தப்பட்டுட்டு வந்திருக்கலாம்க்கா" என்றாள். "ஏழே நிமிஷம்."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "நீ ஏழு நிமிஷம் அப்படிப் பேசியிருந்தா நான் அங்கேயே கல்லெடுத்து அடிச்சிருப்பேன். எழுந்து சோத்தைப் போட்டுக்கோ."

அப்போதுதான் வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். மேஸ்திரி ஒருவர் ஆட்களோடு மேடையின் கைப்பிடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். மேடை போட்டதிலிருந்து தெருவே அதன் மேல்தான் போய் வந்துகொண்டிருந்தது. அக்கா மூன்று நாளில் பதினொரு தடவை அந்தக் கரைக்குப் போய் வந்திருந்தாள்.

"தேர்வு முடிஞ்சது, பிரிச்சுக்கிட்டு வரச் சொல்லிட்டாங்கம்மா" என்றார் மேஸ்திரி. "எனக்கும் மனசில்லதான்."

"பார்வையிடல் முடிஞ்சதுன்னு எழுத்துல ஏதாவது குடுத்தாங்களா?" என்றாள் பாயிண்ட்.

"எழுத்துலயா? வாயால சொன்னாங்க."

"கொஞ்சம் இருங்க." அவள் உள்ளே போய், பயிற்சியில் எல்லோருக்கும் கொடுத்திருந்த கழகத்தின் நடைமுறை நூலைக் கொண்டுவந்து பிரித்தாள். "நாற்பத்தேழாவது விதி. பார்வையிடல் முடிவுற்றதென இயக்குநர் தேதியிட்டுக் கையொப்பமிடும் வரை பார்வை மேடையை அகற்றுதல் கூடாது. அகற்றினா மேஸ்திரிதான் பொறுப்பு."

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இருவருமாகக் கழகத்துக்குப் போனார்கள். இயக்குநர் அவளை அன்போடு உட்கார வைத்தார்.

"ஒரே ஒரு வரிதாங்க" என்றாள் பாயிண்ட். "பார்வையிடல் இன்ன தேதியோட முடிஞ்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இவர் பிரிச்சுடுவார்."

இயக்குநர் பேனாவை எடுத்தார். காகிதத்துக்கு மேலே அது வெகுநேரம் நின்றது.

"தேதி போடணுமா?"

"விதி அப்படித்தான் சொல்லுது."

"முடிஞ்சதுன்னு எழுதினா, எப்போ முடிஞ்சதுன்னு கேப்பான். முடிஞ்சு என்ன ஆச்சுன்னு கேப்பான். பாலம் எங்கேன்னு கேப்பான்." அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "முப்பது வருஷத்துல நான் ஒண்ணை முடிச்சதா ஒரு காகிதம் காட்ட முடியாதும்மா. ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கும்போது என்னைக் கெடுக்கப் பார்க்காதீங்க. பார்வையிடல் தொடரட்டும்."

பார்வையிடல் தொடர்வதற்கு அத்தாட்சியாக மேடையில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டது. பள்ளம் போனபின் வேலையில்லாமல் இருந்த காவலரை, விசிலோடும் முக்காலியோடும் அங்கே மாற்றினார்கள். மேடையில் கால் வைப்பவர் யாரானாலும் பெயர், நேரம், கருத்து மூன்றையும் எழுத வேண்டும். முதல் மாதத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் பாலம் இல்லாததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இவ்வளவு வருத்தத்தைத் திரட்டியதற்காக இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

பாயிண்ட் இன்னும் நோட்டரியிடம்தான் டைப் அடிக்கிறாள். ஆனால் மாலையில் தையல் கடை வாசலில் அவளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். வடக்குத் தெருவில் ஆஸ்பத்திரிப் படிக்கட்டு உடைந்திருக்கிறது. அதை யாராவது பார்வையிட வைக்க முடியுமா என்று கேட்டு இரண்டு நர்சுகள் வந்திருந்தார்கள். படிக்கட்டைப் பார்வையிட எந்த விதியின்படி சாய்தளம் போட்டாக வேண்டும் என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுக் காலையில் அக்கா கல்யாண வீட்டுத் துணிகளைத் தலைக்கு மேல் உயரமாக அடுக்கிக்கொண்டு மேடையில் வேகமாக ஏறினாள். காவலர் விசிலை ஊதினார்.

"அம்மா, பதிவேடு! வருத்தத்தை எழுதிட்டுப் போங்க."

"கை ரெண்டும் நிறைஞ்சிருக்கு, பாருங்க" என்றாள் அக்கா நிற்காமலே. "திரும்பி வரும்போது போக வர ரெண்டுக்கும் சேர்த்து வருத்தப்பட்டுக்கறேன்."